சம்பளம் தள்ளிப்போகும் கம்பெனியில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோவைப் பக்கம் ஒரு தனியார் கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் பிரிவில் பதினோரு வருடம் இருந்தேன். கடைசி மூன்று வருடம் கம்பெனி தள்ளாடியது. எல்லாருக்கும் சம்பளம் போடுகிற வேலை என்னுடையது. என் பெயரும் அதே பட்டியலில்தான் பாக்கியாக நின்றது. வெளியே வந்த பிறகும் பழைய ஆட்கள், அவர்களுடைய தம்பி தங்கைகள், தெரிந்தவர்களின் தெரிந்தவர்கள் என்று போன் வந்துகொண்டே இருக்கிறது. கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான், ஆட்கள்தான் வேறு. ஆகவே எழுதி வைக்கிறேன். நான் வக்கீல் இல்லை. பெரிய தொகை என்றால் ஒரு வக்கீலைப் பார்த்துவிடுங்கள்.

சம்பளம் பத்து நாள் தள்ளி வந்திருக்கிறது. இதற்கே பயப்பட வேண்டுமா?

ஒரு தடவை என்றால் பயம் வேண்டாம், கவனம் போதும். பெரிய பார்ட்டியின் பில் நின்றுபோயிருக்கலாம், பேங்க்கில் ஓ.டி. (ஓவர்டிராஃப்ட் கடன்) புதுப்பிக்கத் தாமதமாகியிருக்கலாம். பார்க்க வேண்டியது வேறு. முன்கூட்டியே சொன்னார்களா? ஒரு தேதி கொடுத்தார்களா? கொடுத்த தேதியில் போட்டார்களா? இந்த மூன்றும் சரியாக இருந்தால் அந்த நிர்வாகத்தோடு இன்னும் பேசலாம்.

அடுத்த மாதமும் தள்ளிப்போய், போன மாதம் சொன்ன காரணத்தை விட்டு வேறு காரணம் சொன்னால் நாற்காலியின் நுனிக்கு வந்துவிடுங்கள். வேறு அறிகுறிகளும் உண்டு. ஃபைனான்ஸ் பார்ப்பவர் திடீரென்று "சொந்தக் காரணத்துக்காக" விலகுவார். சரக்கு கொடுப்பவர்கள் கையில் காசு கொடுத்தால்தான் இறக்குவோம் என்பார்கள். எங்கள் கம்பெனியில் எனக்கு முதலில் உறைத்தது டீ. மூணு மணி டீ கொண்டுவருபவர் ஒருநாள் ஃப்ளாஸ்க்கை மேஜையில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு, "பழைய கணக்கு ஒன்றும் செட்டில் ஆகவில்லையே அக்கா" என்றார்.

சட்டப்படி எந்தத் தேதிக்குள் போட வேண்டும்?

மாதச் சம்பளம் என்றால் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள். பழைய சம்பளப் பட்டுவாடாச் சட்டம் 1936ஆம் ஆண்டுச் சட்டம். அதில் ஆயிரம் பேருக்குக் குறைவான இடத்தில் 7, அதற்கு மேல் 10 என்று இருந்தது. அதோடு மாதம் 24,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர் அந்தச் சட்டத்துக்குள்ளேயே வரவில்லை. 2019இல் நிறைவேறிய ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்தது. அதில் அந்த உச்சவரம்பு இல்லை, மேனேஜரும் உள்ளே வருகிறார். வேலையை விட்டவர், நீக்கப்பட்டவர், கம்பெனி மூடியதால் வேலை போனவர் எல்லாருக்கும் சம்பள பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. 45 நாள், 60 நாள் என்று ஹெச்.ஆர். சொல்வதெல்லாம் கம்பெனி வழக்கம். சட்டத்தில் அப்படி ஒன்றும் இல்லை.

பணம் கொஞ்சம் வருகிறது என்கிறார்கள். அப்படியென்றால் அது எங்கே போகிறது?

இந்த ஒரு கேள்விக்கு என்னால் நன்றாகவே பதில் சொல்ல முடியும், ஏனென்றால் அந்தப் பட்டியலை எழுதியது என் கை.

ஒரு மாதம் ஐந்தாம் தேதி, மூன்று மாதமாக இழுத்துக்கொண்டிருந்த ஒரு பில்லுக்குப் பணம் வந்தது. சம்பளத்துக்குத் தாராளமாகப் போதும். நான் பே ஷீட்டை எடுத்து வைத்துக்கொண்டு எம்.டி. அறைக்குப் போனேன். அவர் ஒரு பழைய கவரின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். முதலில் பேங்க் வட்டி. தொண்ணூறு நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும், அப்புறம் எந்த பேங்க்கும் ஏறெடுத்துப் பார்க்காது. அடுத்தது இ.பி. பில். ஃப்யூஸைப் பிடுங்கினால் மிஷின் ஓடாது. மூன்றாவது, கேட்டில் நின்றிருந்த லாரி. மூலப்பொருள் வந்திருக்கிறது, காசு கொடுக்காமல் டிரைவர் தார்ப்பாயை அவிழ்க்க மாட்டேன் என்கிறார். நான்காவது ஜி.எஸ்.டி. கவரின் அடியில் மிச்சம் இருந்த இடத்தில்தான் "சேலரி" என்று எழுதினார். அதற்கு எதிரே இருந்த தொகை பே ஷீட்டில் பாதிகூட இல்லை.

அந்தப் பாதியை யாருக்குப் போடுவது? லேத் ஓட்டுபவர்களுக்கு முதலில். அவர்கள் நாளைக்கே பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடுவார்கள். அடுத்து டெஸ்பாட்ச். கடைசியில் டிசைன், ஸ்டோர்ஸ், அக்கவுண்ட்ஸ். சத்தம் போடாதவர்களுக்குத்தான் கடைசி இடம். எங்கேயும் இப்படித்தான் என்று சொல்லவில்லை. ஆனால் எதை நிறுத்தினால் நாளைக்குக் கதவு மூடுமோ அதற்குத்தான் முதல் பணம் போகும். சம்பளத்தை நிறுத்தினால் நாளைக்கு ஒன்றும் மூடாது, எல்லாரும் வழக்கம்போல ஒன்பது மணிக்கு வந்து பஞ்ச் வைப்பார்கள். அது நிர்வாகத்துக்கும் தெரியும்.

இதை நான் புரிந்துகொண்ட விதம் இது: சம்பளம் தள்ளிப்போகும் மாதத்தில் கம்பெனி உங்களிடம் கைமாற்று வாங்குகிறது. பேங்க் கடன் கொடுத்தால் அடமானம் கேட்கும், சரக்கு கொடுப்பவர் செக் கேட்பார். நீங்கள் வட்டி இல்லாமல், பத்திரம் இல்லாமல், கேட்காமலே கொடுத்துவிட்டீர்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கைமாற்று கொடுத்தால் எவ்வளவு வரை கொடுப்பீர்கள், எப்போது திருப்பிக் கேட்பீர்கள் என்று யோசிப்பீர்கள் அல்லவா? இதற்கும் அப்படித்தான் யோசிக்க வேண்டும்.

"நாம் எல்லாரும் ஒரே குடும்பம், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று முதலாளி மீட்டிங்கில் பேசுகிறார். அதே மாதம் புது கார் வாங்குகிறார். இதை எப்படி எடுத்துக்கொள்வது?

கோபம் நியாயம்தான். ஆனால் சட்டத்தின் கண்ணில் அவர் வேறு, கம்பெனி வேறு. கார் அவருடைய சொந்தப் பணத்தில் வந்திருந்தால் பிரைவேட் லிமிடெட் என்ற சுவருக்கு இந்தப் பக்கம் நின்று உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. கம்பெனிப் பணத்தை முறைகேடாக எடுத்திருந்தால் கதை வேறு. அதை நிரூபிக்க நீண்ட நாள் ஆகும்.

கிங்ஃபிஷர் ஏர்லைன்ஸ் ஊழியர்களைக் கேட்டால் இந்தக் கோபத்தைப் பற்றி ஒரு புத்தகமே எழுதுவார்கள். 2012 டிசம்பரில், விமானங்கள் தரையில் நிற்க, மாதக்கணக்கில் சம்பளம் பாக்கி இருக்க, அதன் முதலாளி விஜய் மல்லையா தன் பிறந்த நாளுக்குத் திருப்பதி கோயிலில் மூன்று கிலோ தங்கம் காணிக்கை செலுத்தினார் என்று செய்தி வந்தது. சாமிக்குக் கொடுத்ததைக் குறை சொல்லக் கூடாது என்பார் என் அம்மா. அவரே அந்தச் செய்தியைப் படித்துவிட்டு, "வேலை செய்தவனுக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தைக் கொடுத்திருக்கலாம்" என்றார்.

கிங்ஃபிஷர் ஊழியர்கள் சும்மாவா இருந்தார்கள்?

இல்லை. 2012 மார்ச்சிலிருந்து சம்பளம் இல்லை. அக்டோபர் தொடக்கத்தில் என்ஜினீயர்கள், பைலட்கள் வேலையை நிறுத்தினார்கள். நிர்வாகம் கதவடைப்பு அறிவித்தது. 20ஆம் தேதி விமானப் போக்குவரத்துத் துறை லைசென்ஸை நிறுத்தி வைத்தது. 25ஆம் தேதி வாக்கில் ஒரு சமரசம் வந்தது. ஏழு மாத பாக்கியில் மூன்று மாதத்தைத் தீபாவளிக்குள் தவணையாகக் கொடுக்கிறோம் என்றார்கள், ஊழியர்கள் வேலைக்குத் திரும்பச் சம்மதித்தார்கள். அதற்குப் பிறகு அந்தக் கம்பெனியின் விமானம் ஒன்றுகூடப் பறக்கவில்லை. 2016 நவம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் கம்பெனியைக் கலைக்க உத்தரவிட்டது.

போராடியது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். ஏழாவது மாதம்வரை காத்திருந்தது ரொம்ப நேரம் என்றுதான் சொல்வேன். இரண்டாவது மாதத்தில் போராடியிருந்தால் பறக்கிற விமானமும் டிக்கெட் விற்ற காசும் பேரத்தில் இருந்திருக்கும்.

அப்படியென்றால் எத்தனை மாதம் காத்திருக்கலாம்?

எல்லாருக்கும் பொருந்தும் ஒரு எண் இல்லை. வீட்டு வாடகை, இ.எம்.ஐ., பள்ளிக் கட்டணம் மூன்றையும் கூட்டி, கையில் இருக்கும் சேமிப்பை அதால் வகுத்துப் பாருங்கள். வருகிற எண்ணில் பாதிதான் உங்கள் கெடு. மறு பாதி வேலை தேடுவதற்கு. எனக்கு அது ஒன்றரை மாதம் என்று வந்தது. நான் இருந்தது ஐந்து மாதம். ஆகவே என்னைப் பார்த்து யாரும் நடக்க வேண்டாம்.

"இப்போது போனால் பாக்கி போய்விடும்" என்ற நினைப்புதான் ஆட்களைக் கட்டிப்போடுகிறது. இருப்பதால் பாக்கி திரும்ப வருவதில்லை, கூடத்தான் செய்கிறது. ஜெட் ஏர்வேஸ் விமானக் கம்பெனியில் 2019 ஜனவரியிலிருந்தே பைலட்களுக்கும் என்ஜினீயர்களுக்கும் சம்பளம் நின்றது. மார்ச் 25இல் அதைத் தொடங்கிய நரேஷ் கோயல் தலைவர் பதவியிலிருந்து இறங்கினார். இனி பேங்க்குகள் கைக்கு வந்துவிட்டது, பணம் வரும் என்று பலர் நம்பினார்கள். ஏப்ரல் 17 இரவு அமிர்தசரஸிலிருந்து மும்பைக்குப் பறந்ததுதான் கடைசி விமானம். பேங்க்குகள் அவசரக் கடன் தர மறுத்துவிட்டன.

சம்பளத்தை 25 சதவீதம் குறைக்கிறோம், கையெழுத்துப் போடு என்கிறார்கள். போடலாமா?

படிக்காமல் போடாதீர்கள். "தற்காலிகமாக" என்று இருந்தால் எந்தத் தேதிவரை என்று கேளுங்கள். குறைத்தது பிறகு கொடுக்கப்படுமா, அல்லது விட்டுக்கொடுத்ததாகவே கணக்கா? இதுதான் முக்கியம். முதலாவது பாக்கி, இரண்டாவது தானம். அடிப்படைச் சம்பளத்தில் கைவைத்தால் பி.எஃப்., கிராஜுவிட்டி (வேலையை விடும்போது தரும் பணிக்கொடை) எல்லாம் அதோடு சேர்ந்து சுருங்கும். தொழிலாளி என்ற வரையறைக்குள் வருபவர்களின் ஊதியத்தை மாற்றுவதற்கு முன் 21 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று தொழிலுறவுச் சட்டம் சொல்கிறது.

ஜெட் நிர்வாகம் 2018இல் 25 சதவீதம்வரை குறைக்கக் கேட்டபோது பைலட்கள் மறுத்தார்கள். பேராசை என்று அப்போது பலர் பேசினார்கள். எட்டு மாதத்தில் கம்பெனியே இல்லை. கையெழுத்துப் போட்டிருந்தாலும் காப்பாற்றியிருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் குறைந்த சம்பளத்தின் பேரில்தான் பாக்கிக் கணக்கு எழுதப்பட்டிருக்கும், அது நிச்சயம்.

பே ஸ்லிப்பில் பி.எஃப். பிடித்தம் இருக்கிறது. பாஸ்புக்கில் நான்கு மாதமாக ஒன்றும் ஏறவில்லை.

இதற்குப் பொறுமை காட்டாதீர்கள். சம்பளம் தராதது ஒரு குற்றம் என்றால், உங்கள் பணத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு கட்டாதது இன்னொரு வகைக் குற்றம். தொழிலாளியின் பங்கைப் பிடித்துவிட்டுக் கட்டாவிட்டால் அது நம்பிக்கை மோசடி என்று தண்டனைச் சட்டமே சொல்கிறது. அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். உமங் செயலியில் பாஸ்புக்கைப் பார்த்து ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள், பே ஸ்லிப்போடு சேர்த்து பி.எஃப். அலுவலகத்தின் இணையக் குறைதீர்ப்புப் பக்கத்தில் போடுங்கள். புகார் கொடுத்தவர் யார் என்று கம்பெனிக்குத் தெரிந்துவிடுமோ என்று பயப்படுபவர்கள் உண்டு. பத்துப் பேர் சேர்ந்து போடுங்கள்.

அக்கவுண்ட்ஸில் இருந்தவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பி.எஃப். அலுவலகத்திலிருந்து கடிதம் வந்த நாளில் எங்கள் எம்.டி. உட்கார்ந்த மாதிரி வேறு எந்தக் கடிதத்துக்கும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அந்தக் கவர்ப் பட்டியலில் பி.எஃப். உடனே மேலே ஏறியது.

டி.டி.எஸ். பிடித்தார்கள், கட்டவில்லை. இப்போது வரித்துறை என்னிடம் கேட்கிறது.

பே ஸ்லிப், பேங்க் ஸ்டேட்மெண்ட் இரண்டையும் பத்திரமாக வையுங்கள். சம்பளத்தில் வரி பிடிக்கப்பட்டிருந்தால் அந்த அளவுக்கு உங்களிடம் நேரடியாக வசூலிக்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் உங்கள் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் அது ஏறியிருக்காது, கம்ப்யூட்டர் தன்பாட்டுக்கு நோட்டீஸ் அனுப்பும். பதில் எழுதாமல் விட்டால் ரீஃபண்ட் நின்றுவிடும். பிடித்ததற்கு ஆதாரம் காட்டிப் பதில் போடுங்கள்.

எல்லாரும் ஒரே நாளில் கேஷுவல் லீவ் போட்டால் என்ன?

முன்பு இது கெட்டிக்காரத்தனமான வழியாக இருந்தது. இப்போது பாதிப் பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் சேர்ந்து கேஷுவல் லீவ் போட்டால் அதுவும் வேலைநிறுத்தம்தான் என்று புதிய தொழிலுறவுச் சட்டத்தில் எழுதிவிட்டார்கள். வேலைநிறுத்தம் என்றால் முன்கூட்டியே நோட்டீஸ் வேண்டும். நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து 14 நாள் ஆகும்வரை நிறுத்தக் கூடாது. யூனியன் இருந்தால் அவர்கள் மூலம் போங்கள். இல்லையென்றால் லேபர் ஆபீஸருக்கு எல்லாரும் கையெழுத்திட்ட மனு முதல் படி.

நான் மேனேஜர். லேபர் ஆபீஸில் என் மனுவை எடுப்பார்களா?

சம்பள பாக்கிக்கு எடுக்க வேண்டும். முன்பே சொன்னபடி ஊதியச் சட்டத் தொகுப்பில் மேனேஜரும் ஊழியர்தான். ஆட்குறைப்பு, நோட்டீஸ் சம்பளம், இழப்பீடு போன்ற விவகாரங்களுக்கு வேறு சட்டம், அதில் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் வர மாட்டார்கள். மேற்பார்வையாளர் என்றால் மாதம் 18,000 ரூபாய்வரைதான். விசிட்டிங் கார்டில் மேனேஜர் என்று போட்டிருப்பதை வைத்து முடிவு செய்ய மாட்டார்கள், என்ன வேலை செய்தீர்கள் என்றுதான் பார்ப்பார்கள். எங்கள் ஊரில் ஒரே ஆளாக உட்கார்ந்து ஸ்டாக் எண்ணுபவருக்கும் "ஸ்டோர்ஸ் மேனேஜர்" என்று பெயர்.

எங்கே போய், எதைக் கொடுக்க வேண்டும்?

அந்தந்த மாவட்டத்துத் தொழிலாளர் துறை அலுவலகம். சென்னையில் தலைமை அலுவலகம் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கிறது. சம்பளக் கோரிக்கையை விசாரிக்கும் அதிகாரி உங்கள் பகுதிக்கு யார் என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று வருடத்துக்குள் மனு போட வேண்டும். பாக்கியோடு, அதைப் போலப் பத்து மடங்குவரை இழப்பீடு கொடுக்க உத்தரவிட அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. பத்து மடங்கு கிடைக்கும் என்று கணக்குப் போட்டு வீடு கட்டாதீர்கள். சம்பளம் கொடுத்துவிட்டோம் என்று நிரூபிக்க வேண்டியது கம்பெனியின் பொறுப்பு, இது நமக்குச் சாதகமான விஷயம்.

காகிதம்தான் எல்லாம். அப்பாயிண்ட்மெண்ட் ஆர்டர், இன்க்ரிமெண்ட் கடிதம், பே ஸ்லிப்கள், பேங்க் ஸ்டேட்மெண்ட், வருகைப் பதிவு. "அடுத்த வாரம் போட்டுவிடுவோம்" என்று வந்த மெயில், வாட்ஸாப். இவற்றை ஆபீஸ் மெயிலில் வைத்திருந்தால் பயன் இல்லை, வேலை போன அன்றே பாஸ்வேர்டும் போய்விடும். உங்கள் சம்பளம் தொடர்பானவற்றை மட்டும் இன்றைக்கே வீட்டுக்கு எடுத்து வையுங்கள். கம்பெனியின் டிராயிங், கஸ்டமர் பட்டியல் எதையும் தொடாதீர்கள். அப்புறம் உங்கள் மேல் வழக்கு வரும்.

பாக்கி எவ்வளவு என்று கேட்டு ஒரு மெயில் அனுப்புவதை யாரும் செய்வதில்லை. "ஜூன், ஜூலை சம்பளம் இவ்வளவு நிலுவை, எப்போது கிடைக்கும்" என்று இரண்டே வரி. அதற்கு "விரைவில்" என்று பதில் வந்தால் போதும், கடனை ஒப்புக்கொண்ட மாதிரி. வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச உதவி உண்டு.

ராஜினாமா கொடுத்தால் நோட்டீஸ் பீரியட் மூன்று மாதம் வேலை பார்க்கச் சொல்கிறார்கள். சம்பளமே வரவில்லையே அக்கா?

கட்டாயப்படுத்தி யாரையும் வேலை வாங்க முடியாது. நோட்டீஸுக்கு உரிய பணத்தைக் கேட்கலாம், அவ்வளவுதான். தர வேண்டிய பாக்கியில் கழித்துக்கொள்ளச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். ராஜினாமாக் கடிதத்தில் "சம்பளம் இத்தனை மாதம் நிலுவையில் இருப்பதால்" என்று காரணம் எழுதுங்கள். "சொந்தக் காரணம்" என்று எழுதச் சொல்வார்கள், ரிலீவிங் லெட்டர் அதை வைத்துத்தான் என்பார்கள். நான் சொந்தக் காரணம் என்றுதான் எழுதினேன், இன்றைக்கும் அந்த வரி உறுத்துகிறது. "எனக்கு வர வேண்டியது அனைத்தும் வந்துவிட்டது" என்ற தாளில் மட்டும் பணம் கைக்கு வராமல் கையெழுத்துப் போடவே போடாதீர்கள்.

கிராஜுவிட்டிக்கு ஐந்து வருடம் ஆக இரண்டு மாதம் இருக்கிறது. காத்திருக்கவா?

ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் ஐந்து வருடம் முடித்த கணக்குதான் என்று சென்னை உயர் நீதிமன்றம் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சொல்லியிருக்கிறது. அதைக் காட்டிக் கேட்கலாம். கணக்கு எளிது: கடைசி மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கி, வருடங்களால் பெருக்க வேண்டும். 26,000 ரூபாய் என்றால் வருடத்துக்கு 15,000. எட்டு வருடம் என்றால் 1,20,000.

கம்பெனி திவால் என்று என்.சி.எல்.டி.க்குப் போய்விட்டது. எங்கள் பணம்?

என்.சி.எல்.டி. என்பது தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம். அது திவால் மனுவை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து கம்பெனி மேல் போட்ட வழக்குகள் எல்லாம் நின்றுவிடும். நிர்வாகம் தீர்வு அதிகாரி ஒருவர் கைக்குப் போகும். அவர் பத்திரிகையில் விளம்பரம் கொடுப்பார். அதில் உள்ள கெடுவுக்குள் 'டி' படிவத்தில் உங்கள் பாக்கியைப் பதிவு செய்ய வேண்டும். "கம்பெனி ரெக்கார்டில்தான் இருக்கிறதே" என்று விட்டுவிடாதீர்கள்.

கம்பெனியைக் கலைத்து விற்றால் பணம் பிரிக்க ஒரு வரிசை உண்டு. முதலில் நடைமுறைச் செலவு. அடுத்து, தொழிலாளர்களின் கடைசி 24 மாத பாக்கியும் அடமானம் வைத்திருக்கும் பேங்க்குகளும் ஒரே படியில். அதற்குக் கீழே மற்ற ஊழியர்களின் 12 மாத பாக்கி. அரசு வரி அதற்கும் கீழே. பி.எஃப்., பென்ஷன், கிராஜுவிட்டி நிதிகள் இந்த வரிசையிலேயே சேராது, அவை தனி. தீர்வு அதிகாரி வந்த பிறகு கம்பெனி ஓடிக்கொண்டிருந்து, நீங்களும் உண்மையாகவே வேலை பார்த்திருந்தால் அந்த நாட்களின் சம்பளம் முதல் படியில் வரும். ஏபிஜி ஷிப்யார்டு வழக்கில் 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. பெயர் பட்டியலில் இருந்தால் போதாது, வேலை பார்த்திருக்க வேண்டும். அட்டெண்டன்ஸ் நகல் இங்கேதான் கைகொடுக்கும்.

ஜெட் ஊழியர்கள் இந்த வரிசையில் நின்ற கதை நீளமானது. 2019 ஜூன் 20இல் திவால் நடைமுறை தொடங்கியது. 2021 ஜூனில், ஜெட்டை எடுத்து நடத்த முன்வந்த ஜாலான்-கால்ராக் கூட்டமைப்பின் திட்டத்துக்கு அனுமதி கிடைத்தது. அதில் ஊழியர்களுக்கென்று ஒதுக்கியது மிகச் சொற்பம். மாதம் லட்சத்தில் வாங்கியவருக்கும் சில ஆயிரங்கள்தான் கணக்கு. ஊழியர் சங்கங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022 அக்டோபரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் பி.எஃப்., கிராஜுவிட்டி பாக்கியை முழுதாகக் கொடு என்றது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. திட்டமோ நகரவே இல்லை. 2024 நவம்பர் 7இல் உச்ச நீதிமன்றம் கம்பெனியைக் கலைத்துவிடச் சொன்னது. கடைசி விமானம் இறங்கி ஐந்தரை வருடம் கழித்து, பாக்கிக்கு மறுபடி முதலிலிருந்து வரிசை.

அரசு நிறுவனம் என்றால் இந்தத் தொல்லை இல்லைதானே?

பி.எஸ்.என்.எல். ஊழியர்களும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். 2019 பிப்ரவரிச் சம்பளம் மார்ச் நடுவில்தான் வந்தது. அந்த வருடக் கடைசியில் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது, 78,000க்கும் மேற்பட்டவர்கள் எழுதிக் கொடுத்து 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் வெளியே வந்தார்கள். ஆனாலும் அவர்களுக்குப் பென்ஷன் இருந்தது. அதே கட்டடத்தில் கேபிள் இழுத்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் கூலி இல்லாமல் நின்றார்கள். அதைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

நஷ்டம் என்று சொல்லித் தீபாவளி போனஸை வெட்டலாமா?

போனஸ் பெறத் தகுதியான சம்பள வரம்புக்குள் இருப்பவர்களுக்கு, இருபது பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில், லாபமோ நஷ்டமோ 8.33 சதவீதம் கட்டாயம். புதிதாகத் தொடங்கிய கம்பெனிகளுக்கு மட்டும் ஆரம்ப வருடங்களில் சலுகை உண்டு.

வீட்டில் சொல்லலாமா?

நான் மூன்று மாதம் சொல்லவில்லை. ஒன்றாம் தேதி வந்தால் சேமிப்பிலிருந்து எடுத்து, சம்பளம் வந்த மாதிரி பால்காரருக்கும் வாடகைக்கும் கொடுத்துக்கொண்டிருந்தேன். நாலாவது மாதம் என் வளையலைக் கூட்டுறவு வங்கியில் வைக்கப் போனபோது, அங்கே எங்கள் டெஸ்பாட்ச் பையன் தன் மனைவியின் சங்கிலியோடு டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்தான். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் எல்லாக் கடனையும் எழுதினார். கடைசி வரியில், "கம்பெனி தர வேண்டியது" என்று போட்டுத் தொகையைக் கேட்டார். அதுவரை நான் அதைக் கூட்டிப் பார்த்ததே இல்லை, மற்ற எழுபது பேருடையதையும் பைசா சுத்தமாகக் கூட்டி வைத்திருந்தேன்.